நான்காவது ஆளுக்கு நாதி யார்?

ரிஷிவந்தியம் சென்றிருந்தோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலே, கரும்புக் கொல்லைகளுக்கும் வானம் பார்த்த பூமிக்கும் நடுவே இருக்கும் ஊர். பொதுக்கூட்டம். தோழர்கள் திரண்டிருந்தார்கள். பேசினோம், கை தட்டினார்கள். துண்டு போர்த்தினார்கள், மகிழ்ந்தோம். கூட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிட்டது; கடைசிப் பேருந்தும் போய்விட்டது. "நம்ம வீட்லயே படுத்துட்டுக் காலைல போலாம்ணா" என்றார் கிளைத் தோழர் ஒருவர். போனோம்.

ஓட்டு வீடு. முன்னே திண்ணை. உள்ளே கூடத்தில் ஒரு கட்டில். அதன்மீது அவருடைய தாயார். பக்கவாதம் தாக்கி ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. இரண்டு ஆண்டுகளாக அந்த மூதாட்டிக்கு அந்தக் கட்டில்தான் உலகம். தோழர் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்: "அம்மாவ ஒரு கொறையும் இல்லாம பாத்துக்கறேன்ணா." பெற்றவளைப் பேணும் பிள்ளை! தட்டிக் கொடுத்தோம். திண்ணையில் படுத்தோம். தோழரும் பக்கத்திலேயே பாய் விரித்தார்.

இரவு 2 மணி இருக்கும். விழிப்புத் தட்டியது. கூடத்திலே விளக்கு எரிந்தது. தோழருடைய துணைவியார் கட்டிலோரம் நின்றிருந்தார். ஒரு கை மாமியாரின் தோளுக்கடியில், மறு கை இடுப்புக்கடியில். முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, அந்த உடலை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் புரட்டிப் போட்டார். நனைந்த துணியை உருவினார். உலர்ந்த துணியை விரித்தார். முதுகைத் துடைத்தார். உதட்டிலே இரண்டு மடக்கு நீர் ஊற்றினார். விளக்கை அணைத்தார். தோழரோ நமக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுக் கொண்டிருந்தார்!

காலையிலே அந்தச் சகோதரியிடம் கேட்டோம்:

"இராத்திரி எத்தனை தடவையம்மா எழுந்திருக்கிறீர்கள்?"

"ரெண்டு மணிக்கு ஒரு தபா பொரட்டணும்ணா. இல்லன்னா முதுவுல புண்ணு வச்சிடும்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க."

"அப்படியானால் எப்போது தூங்குவீர்கள்?"

"அத்த தூங்கறப்ப" என்று சொல்லிச் சிரித்தார்.

"வேலைக்கு ஏதாவது போவதுண்டா?"

"முன்னல்லாம் களையெடுக்க, கரும்பு வெட்டப் போவேன். இப்ப ரெண்டு வருசமா சும்மாதாண்ணா வூட்ல இருக்கேன்."

தோழர்களே! நாம் எத்தனையோ மேடைகளில் ஏறியிருக்கிறோம். எத்தனையோ சொற்களைக் கேட்டிருக்கிறோம். அந்தச் 'சும்மா' சுட்டதைப் போல வேறெந்தச் சொல்லும் நம்மைச் சுட்டதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 12 முறை. ஆண்டுக்கு 4,380 முறை. இரண்டு ஆண்டுகளில் 8,760 முறை ஒரு மனித உடலைத் தூக்கிப் புரட்டியிருக்கிறார் அந்தப் பெண். மூட்டை தூக்கும் தோழர் 8,760 மூட்டை தூக்கினால் அதற்குக் கூலி உண்டு. கூலி குறைந்தால் சங்கம் உண்டு. சங்கம் கேட்டுத் தராவிட்டால் கொடி உண்டு, கோஷம் உண்டு. இவர் தூக்கியதற்கோ பெயர்: சும்மா!

அந்த வீட்டில் நாம் கேட்டவை இரண்டு சொற்கள். செய்யாதவர் 'பார்த்துக்கொள்கிறேன்' என்றார். செய்பவர் 'சும்மா இருக்கிறேன்' என்றார். இருவருமே பொய் சொல்லிப் பழகியவர்கள் அல்லர். தோழர் தங்கமானவர். ஊரில் யாருக்கு உடல்நலமில்லை என்றாலும் ஓடுகிறவர். ஆனால் தலைமுறை தலைமுறையாக நமது வீடுகளிலே வழங்கும் இலக்கணம் இது: எழுவாய் மகன், வேலை மருமகளுடையது!

அவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. நமது தந்தையார் மூன்று ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். கேட்டவர்களிடமெல்லாம், "நாம் நன்றாகக் கவனித்துக் கொள்கிறோம்" என்றுதான் சொன்னோம். அந்த 'நாம்' யார்? நாம் அப்போது ஊர் ஊராகப் பெண் விடுதலை பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம்! கஞ்சி ஊட்டியதும், கழிவு எடுத்ததும், கடைசி மூச்சு வரை பக்கத்தில் இருந்ததும் நமது வீட்டுப் பெண்கள். ஏட்டிலே 'நாம்' என்று எழுதும் போதெல்லாம் அந்த இரவு நினைவுக்கு வருகிறது. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

வள்ளுவர் என்ன சொன்னார்? 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளிலே, மருத்துவம் நான்கு கூறுகளால் ஆனது என்றார். நோயாளி ஒன்று, மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவது? நோயாளியின் பக்கத்திலிருந்து, வேளை தவறாமல் மருந்து கொடுத்துப் பேணும் ஆள். அந்த ஆளை மருத்துவனுக்குச் சமமாக நிறுத்தி, நாலில் ஒரு பங்கு கொடுத்தார் வள்ளுவர்.

நாம் என்ன கொடுத்தோம்? மருத்துவருக்குச் சம்பளம் உண்டு. மருந்துக்கு விலை உண்டு. நோயாளிக்குக் கட்டில் உண்டு, காப்பீட்டு அட்டை உண்டு. நான்காவது ஆளுக்கு? அரசு மருத்துவமனையின் தாழ்வாரத்திலே பாய்கூட இல்லாமல் தரையில் முடங்கிக் கிடக்கிறாரே ஒரு பெண், 'கூட வந்தவர்' என்று பெயர் சூட்டி ஒதுங்கி நிற்கச் சொல்கிறோமே, அவர்தான் வள்ளுவரின் நான்காவது ஆள்!

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த நான்காவது ஆளுக்கு வள்ளுவர் வைத்த பெயர் 'உழைச்செல்வான்'. செல்வாள் அல்ல, செல்வான்! அது இருபாலுக்கும் பொது என்று புலவர்கள் பொருள் சொல்லட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆணை விலக்கிச் சொன்னது என்று எந்தப் புலவராலும் சொல்ல முடியாது. "நோயாளியைப் பார்ப்பது பொம்பளை வேலை" என்கிறவர்கள் குறளிலே எந்தப் பக்கத்தைப் படித்தார்களோ, நாமறியோம்!

அவர்கள் படித்தது வேறு ஏடு. நளாயினி கதை! தொழுநோய் பிடித்த கணவன். அவன் தாசி வீட்டுக்குப் போக ஆசைப்பட்டானாம். கூடையிலே வைத்துத் தலையிலே சுமந்து போனாளாம் பத்தினி. அந்தக் கற்பின் வலிமைக்குச் சூரியனே உதிக்காமல் நின்றதாம்! சூரியன் நின்றதைப் பாடியவர்கள், சுமந்தவளின் கழுத்து வலித்ததா என்று ஒரு வரி கேட்டார்களா? கூடையைச் சற்று இறக்கி வையம்மா என்று வழியிலே ஒருவனாவது சொன்னானா? சுமப்பவளைத் தெய்வமாக்கிவிட்டால் சுமையைப் பங்கிட வேண்டியதில்லை பாருங்கள்! பட்டம் கொடுத்துப் பாரத்தை ஏற்றும் பழைய வித்தை அது.

ரிஷிவந்தியத்துக் கோயிலைத் தோழர்கள் அறிவார்கள். அங்கே இருப்பவர் அர்த்தநாரீசுவரர். பாதி ஆண், பாதி பெண். உடம்பிலே பாதியைக் கொடுத்தார் என்று பக்தர்கள் உருகுகிறார்கள். உருகட்டும். உடம்பில் பாதி கொடுத்த கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ஆண்மகன், வேலையில் பாதியை எடுத்துக் கொள்கிறானா? சிலையிலே சரிபாதி, சமையலறையிலே சல்லிக்காசு பங்கில்லை என்றால், எந்தப் பாதி மெய், எந்தப் பாதி பொய்?

பக்தர்களை மட்டும் கேட்பானேன்? நம்மையும் கேட்டுக் கொள்வோம். 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 60 ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. மார்தட்டிச் சொல்லலாம், தவறில்லை. சொத்திலே பங்கு கொடுத்தோம். சுமையிலே பங்கு எடுத்தோமா?

'ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு உலகத்தைப் பழிக்கிறார்' என்பார்கள். உலகக் கணக்கே சொல்வோம். 2024ஆம் ஆண்டு, மத்திய அரசின் புள்ளியியல் துறையே, மக்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுதும் கணக்கெடுத்தது. 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 41 பேர், வீட்டில் உள்ளோரைப் பேணும் வேலையைச் செய்கிறார்கள். குழந்தை, கிழவர், நோயாளி எல்லாரும் இதில் அடக்கம். ஆண்களில் அப்படிச் செய்வோர் 100க்கு 21 பேர். செய்கிற பெண் நாளுக்கு 140 நிமிடம் செய்கிறாள். செய்கிற ஆண் 74 நிமிடம். சமையல், துவைப்பு, பெருக்கல், மெழுகல் எல்லாம் இதில் சேராது, அவை தனி!

140 நிமிடம் என்றால் சிறிதாகத் தோன்றும். 365 நாளால் பெருக்குங்கள். 51,100 நிமிடம். 851 மணி நேரத்துக்கும் மேல். ஆலையிலே எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்கிறோமே, அந்தக் கணக்கில் 106 நாள். ஆண்டுக்கு 106 நாள் கூலியில்லா வேலை! படுத்த படுக்கையாய் ஒருவர் கிடக்கும் வீட்டிலோ, 140 நிமிடம் காலைக் காப்பிக்குள் கரைந்து போகும்.

உலகத் தொழிலாளர் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: உலகெங்கும் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் இப்படிக் கூலியில்லாமல் செலவாகிறது. 200 கோடி பேர் தினம் எட்டு மணி நேரம் சம்பளமின்றி உழைப்பதற்குச் சமம். அதில் முக்கால் பங்கு பெண்களின் தோளில்!

இந்தச் சுமை நாளை குறையுமா? கூடும். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியோர் 2011இல் 100க்கு 10 பேர். 2031இல் 18 பேராவார்கள் என்று மக்கள்தொகைக் கணிப்பு கூறுகிறது. நல்ல செய்திதான்! நோயை விரட்டினோம், ஆயுளைக் கூட்டினோம். ஆனால் கூடிய ஆயுளை யார் கையில் ஒப்படைத்தோம்? பிள்ளைகளோ ஒன்று, இரண்டு. மகன் பெங்களூரிலே கட்டட வேலை. மகள் திருப்பூரிலே பனியன் வேலை. ஊரில் மிஞ்சியிருப்பவள் ஒரு மருமகள். முன்பு நாலு பேர் பங்கிட்ட பாரம் ஒருத்தி தலையில்!

கள்ளக்குறிச்சி என்றதும் 2024 ஜூன் நினைவுக்கு வராமல் இருக்குமா? கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உயிரை விட்டுவைத்தாலும் கண்ணை விட்டுவைக்காத நஞ்சு. செத்தவர்களை எண்ணினோம். இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சிகிச்சை பெற்றோருக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்தது, கொடுத்தது சரிதான். ஆனால் பிழைத்து வந்தும் பார்வை போனவரைக் கைபிடித்துக் கொல்லைக்கு அழைத்துச் செல்கிறவள் யார்? சோற்றைப் பிசைந்து கையில் வைக்கிறவள் யார்? குடித்தவன் அவன், விற்றவன் ஒருவன், அந்தக் கைபிடிக்கும் வேலை மட்டும் குடிக்காத அவளுக்கு, ஆயுள் முழுதும்! அவளை எந்தப் பட்டியலில் எண்ணினோம்?

"பாசத்துக்கு விலை பேசலாமா?" என்று சீறுவார்கள் சிலர். பாசத்துக்கு விலை பேசவில்லை. பாசம் அவளிடம் இருக்கிறது, இருக்கட்டும். தூக்கம் போனதற்கு, கூலி போனதற்கு, இடுப்பு போனதற்குக் கணக்குக் கேட்கிறோம். ஆசிரியருக்குப் பிள்ளைகள்மேல் அன்பில்லையா? செவிலிக்கு நோயாளிமேல் இரக்கமில்லையா? அன்பிருக்கிறது என்று அவர்கள் சம்பளத்தை நிறுத்துகிறோமா? அன்பு இருந்தால் கூலி வேண்டாம் என்ற சட்டம், பெண்ணுக்கு மட்டும், வீட்டுக்குள்ளே மட்டும் செல்லுபடியாவது ஏன்?

"வீட்டில்தானே இருக்கிறாள், அவளுக்கு எதற்குத் தொகை?" என்பார்கள் வேறு சிலர். இது நம் ஊர்ப் பேச்சு மட்டுமல்ல. சீமையிலேயே சட்டமாக இருந்தது! பிரிட்டனில் 1976இல், நோயுற்றோரைப் பேணுவோருக்கு அரசு உதவித்தொகை கொண்டு வந்தது. ஆனால் மணமான பெண்களுக்குக் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஏன்? அவள் எப்படியும் வீட்டில் இருப்பவள்தானே என்ற நினைப்பு! ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி, ஊனமுற்ற தாயைப் பேணுவதற்காகத் தன் வேலையை விட்டவர். தொகை கேட்டார், மணமானவள் என்று மறுத்தார்கள். வழக்காடினார். ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 1986 ஜூன் மாதம் வென்றார். ஒரு மகள் வென்றாள். அந்நாட்டு மனைவியர் எல்லாருக்கும் கதவு திறந்தது. இலண்டனுக்கும் ரிஷிவந்தியத்துக்கும் எவ்வளவு தூரம் இருந்தாலும், 'சும்மா' என்ற சொல் இரண்டு ஊரிலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது!

நமது நாட்டுச் சட்டமும் ஊமையல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பவர் யார் என்று இலக்கணம் சொல்கிறது. பணம் பெற்றோ பெறாமலோ பேணுகிறவர் எவரும் பராமரிப்பவரே, பெற்றோரும் குடும்பத்தாரும் அதில் அடக்கம் என்கிறது. மிகுந்த ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி என்பதையும் அதே சட்டம் பேசுகிறது. அண்டை மாநிலமாம் கேரளத்திலே, படுக்கையில் கிடப்போரைப் பேணுகிறவர்களுக்கென்றே மாதம் 600 ரூபாய்த் திட்டம் வகுத்தார்கள். தொகை சிறிது. ஆனால் 'உன் வேலை எங்களுக்குத் தெரிகிறது' என்று ஓர் அரசு எழுதிக் கொடுத்த சீட்டு அது.

2021 ஜனவரியிலே உச்சநீதிமன்றம், விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு கணக்கிடும்போது அவளுடைய வீட்டு உழைப்புக்கும் பண மதிப்பு வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2023 ஜூனிலே சென்னை உயர்நீதிமன்றம், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்த மனைவியின் உழைப்பும் இருக்கிறது, ஆகவே அவளுக்கும் பங்குண்டு என்றது. வாழ்க நீதி! ஆயினும் வேதனையோடு கேட்கிறோம்: விபத்தில் மாண்டால் மதிப்பு, வழக்குமன்றம் போனால் பங்கு, உயிரோடு, வீட்டோடு, உழைத்துக் கொண்டிருந்தால் மட்டும் 'சும்மா'வா?

தமிழ்நாடு ஓர் அடி முன்னே வைத்தது. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், காஞ்சியிலே மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. முதற் கட்டத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பெற்றனர். உதவித்தொகை என்று அதற்குப் பெயரிடவில்லை, உரிமைத் தொகை என்றார்கள். பெயரிலே இருக்கிறது பெருமை. இனி கேட்க வேண்டியதையும் நாம்தான் கேட்க வேண்டும். படுக்கையாளர் இல்லாத வீட்டுக்கும் அதே தொகை. இரவெல்லாம் விழித்திருக்கும் வீட்டுக்கும் அதே தொகை என்றால், அந்த விழிப்பை இன்னும் நாம் எண்ணத் தொடங்கவில்லை என்றுதானே பொருள்?

2021 ஆகஸ்டிலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது. படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை மருத்துவமும் நோய் தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வரும் என்றது. புண் வராமலிருக்கப் புரட்டிப் போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்த நர்சம்மா போன்றவர்களால் எத்தனையோ முதியவர்கள் முதுகுப் புண் இல்லாமல் இருக்கிறார்கள். நன்று. ஆனால் மருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மருத்துவர் வாசலுக்கு வந்துவிட்டார். வள்ளுவர் கணக்கில் மூன்று வந்துவிட்டன. நான்காவது ஆளுக்கு மாற்று ஆள் வரவில்லையே!

நியாயமான எதிர்ப்பு ஒன்றும் உண்டு. அதை மறைக்கமாட்டோம். "தொகை கொடுத்தால், அதைக் காட்டியே பெண்ணை இன்னும் வீட்டோடு கட்டிப் போட்டுவிடுவார்களே! 'அதான் பணம் வருதே, நீயே பாரு' என்று சொல்லிவிடுவார்களே!" என்பது அது. உண்மை. ஜப்பானிலே 2000ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புக் காப்பீடு கொண்டு வந்தபோது, பெண்கள் அமைப்புகள் இதைத்தான் சொன்னார்கள். ஆகவே குடும்பத்தாருக்குப் பணம் என்பதை விட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்புவது, பகல் நேர இல்லம் நடத்துவது என்ற வழியை அந்நாடு தேர்ந்தது. ஜெர்மனி வேறு வழி போயிற்று. 1995 முதல் நடைபெறும் அதன் பராமரிப்புக் காப்பீட்டிலே, பணமும் உண்டு, ஆளும் உண்டு. வீட்டிலே பேணுகிறவருக்கு ஓய்வூதியக் கணக்கிலும் தொகை சேர்க்கிறார்கள்.

நாம் எது கேட்கலாம்? இரண்டும் கேட்கலாம். தொகை வேண்டும், இழந்த கூலிக்காக. மாற்று ஆள் வேண்டும், இழந்த தூக்கத்துக்காக. தொகை மட்டும் கொடுத்தால் பொன் விலங்கு. ஆளும் கொடுத்தால் அவளுக்கு வெளியே போக வழி.

"அரசிடம் பணம் ஏது?" என்பார்கள். இந்த வேலைக்குப் பணம் இப்போதும் செலவாகிக் கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சகோதரியின் இரண்டாண்டுக் கூலியே அந்தப் பணம். அரசு கொடுக்க வேண்டியதை அவள் கொடுத்துக் கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். வசதி படைத்தவன் நகரத்திலே ஆள் வைத்துக் கொள்கிறான். கரும்பு வெட்டும் குடும்பத்திலே கூலியை இழக்கிறாள் பெண். ஏழையிடம் வாங்கும் வரிகளிலேயே பெரிய வரி, இரசீது இல்லாத வரி, இதுதான்!

தொழிலாளத் தோழர்களே! உங்களுக்குத் தனியாக ஒரு சொல். எட்டு மணி நேர வேலை என்பது உங்கள் இரத்தத்தால் எழுதிய உரிமை. 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலிலே, 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் சீறி எழுந்தன. அதே மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. 12 மணி நேரம் என்றதும் கொதித்தோமே, நமது வீட்டுக்குள்ளே 24 மணி நேர வேலை நடக்கிறதே, அதற்கு எந்த மே நாள்?

1975 அக்டோபர் 24இல் ஐஸ்லாந்து நாட்டுப் பெண்கள், 100க்கு 90 பேர், ஒரு நாள் எந்த வேலையும் செய்யமாட்டோம் என்று வீதிக்கு வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு அலுவலகம் போன ஆண்கள் அன்றைக்குப் பாடம் படித்தார்கள். ஆனால் ரிஷிவந்தியத்துச் சகோதரியால் அந்த ஒரு நாள் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. ஏன் தெரியுமா? ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளியின் இலாபம் நிற்கும். இவர் நிறுத்தினால் ஒரு கிழவியின் முதுகில் புண் வரும். முதலாளிக்கு எதிராக நிற்கலாம். மாமியாரின் முதுகுக்கு எதிராக எப்படி நிற்பது? வேலைநிறுத்தம் செய்ய முடியாத ஒரே தொழிலாளி அவர். ஆகவேதான் அவருக்காகக் கொடி பிடிக்க வேண்டிய கடமை, வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த நமக்கு இருக்கிறது.

என்ன கேட்போம்? கிளை தோறும் தீர்மானம் போடுங்கள். ஒன்று: படுத்த படுக்கையாய் இருப்போர், தாமாக இயங்க முடியாத மாற்றுத்திறனாளிகள், தீராப் பிணியாளர்கள் எல்லாரையும் ஊர் வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும், அவர்களைப் பேணுகிறவர் பெயரும் அதே பட்டியலில் ஏற வேண்டும். இரண்டு: பேணுகிறவர் பெயரிலேயே, அவர் வங்கிக் கணக்கிலேயே, தனித் தொகை வேண்டும். மூன்று: ஒன்றியத்துக்கு ஒரு பகல் நேர இல்லமாவது வேண்டும், மாதத்தில் சில நாளாவது வீட்டுக்கு மாற்று ஆள் வர வேண்டும், அந்த ஆளும் முறையான சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் சுமையை இறக்கி, இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் பாதிக் கூலிக்கு ஏற்றுவது தீர்வாகாது.

இவையெல்லாம் கோட்டையிலே கேட்க வேண்டியவை. நான்காவது கோரிக்கைக்குக் கோட்டை வேண்டாம், வீடு போதும். அதை அன்று காலையிலேயே அந்தத் தோழரிடம் சொன்னோம்: "இராத்திரி 2 மணி முறை இனி உம்முடையது."

அவர் திடுக்கிட்டார். "ஆம்பள எப்டிண்ணா அம்மாவுக்குத் துணி மாத்தறது? அம்மாவுக்கே கூச்சமா இருக்குமே!" என்றார். நியாயமான கேள்வி. நாம் சிரிக்கவில்லை. "உமக்கு அவர் எத்தனை ஆண்டு துணி மாற்றினார்? கூசினாரா? தாய்க்குக் கூச்சமானால் துணி மாற்றும் வேலையை உம் துணைவியார் செய்யட்டும். புரட்டிப் போடுவதற்கும், தண்ணீர் ஊட்டுவதற்கும், நனைந்த துணியைத் துவைப்பதற்கும் என்ன கூச்சம்?" என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை. பேருந்து வரை வந்தார், வழியெல்லாம் பேசவில்லை. கோபித்துக் கொண்டார் என்றே நினைத்தோம்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நாலே வரி. 'இரவு 2 மணி, 4 மணி என் முறை. முதல் நாள் அம்மா அழுதுவிட்டார்கள். இப்போது பழகிவிட்டார்கள். எனக்குத்தான் இடுப்பு வலிக்கிறது அண்ணா.'

வலிக்கட்டும் தோழரே! அந்த வலி இரண்டு ஆண்டுகளாக உமது வீட்டிலேதான் இருந்தது. உமக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. வலிக்கிற இடுப்போடு நாளை ஒன்றிய அலுவலக வாசலில் வந்து நின்று கோரிக்கை மனுவை நீட்டும் தோழன், அதை வெறும் காகிதமாக நீட்டமாட்டான்.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தோழர்களே! இன்று இரவு 2 மணிக்கு உங்கள் வீட்டிலே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், எழுந்திருங்கள்.